ஐம்பது வரை எழுத நான்கு வயதுக் கை தயாரா?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது மூன்று மாதம் ஆகிறது. இருபது வரை தடுமாறாமல் எண்ணுகிறாள். பொம்மைகளில் ஏழு எடுத்துத் தா என்றால் சரியாக எடுத்துத் தருகிறாள். ஆனால் பாலர் வகுப்பில் 1 முதல் 50 வரை எழுதி வரச் சொன்னால், பென்சிலைக் கை முழுவதும் மூடி இறுக்கிப் பிடித்து, நாலைந்து எண்களுக்குள் கை வலிக்கிறது என்று அழுதுவிடுகிறாள். 3-ஐத் திருப்பிப் போடுகிறாள். 8-ஐ ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டங்களாக எழுதுகிறாள். தினமும் மாலையில் அவள் கையைப் பிடித்து எழுத வைத்தும் பயனில்லை. அவள் கையில் ஏதேனும் குறை இருக்குமா? எழுதுவதையே சில காலம் நிறுத்திவிடலாமா?
– ஒரு தந்தை

பதில்: அன்புள்ள வாசகருக்கு, ஏழு பொம்மைகளைப் பிழையின்றி எடுத்துத் தரும் குழந்தைக்கு எண்ணறிவில் எந்தக் குறையும் இல்லை என்பதை முதலில் மனத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அவளுக்கு எண் தெரிகிறது. அந்த எண்ணின் வடிவத்தைத் தாளில் கொண்டுவரும் இயக்கம்தான் கைக்கு இன்னும் பழகவில்லை. எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை. எழுதும் அளவு, இடம், கருவி ஆகிய மூன்றையும் மாற்றினால், 0 முதல் 9 வரையிலான பத்து உருவங்களே அவள் விரல்களுக்கு நல்ல பயிற்சியாகிவிடும்.

குழந்தையின் கட்டுப்பாடு தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு வழியாக இறுதியில்தான் விரல் நுனியை அடைகிறது. பொதுவாக மூன்றரை, நான்கு வயதில் மூன்று விரல்களால் பென்சிலைப் பிடிக்கும் பழக்கம் வருகிறது என்றாலும், அப்போதும் அசைவது மணிக்கட்டும் முன்கையும்தான். கையை ஊன்றியபடி விரல்களை மட்டும் அசைத்து எழுதும் திறன் நாலரை முதல் ஆறு வயதுக்குள் மெல்லக் கைகூடுகிறது. உங்கள் மகள் இந்தப் பாதையில் ஓரிரு படிகள் பின்னால் நிற்கிறாள். நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு பார்த்தால், இப்போதே அஞ்சுவதற்குக் காரணம் தெரியவில்லை.

வீட்டுப்பாடத்தின் அளவைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1 முதல் 50 வரை எழுத 91 இலக்கங்களை எழுத வேண்டும். அவற்றுள் 1, 2, 3, 4 ஆகியவை ஒவ்வொன்றும் பதினைந்து முறை வருகின்றன. எல்லாவற்றிலும் கடினமான 8 ஐந்தே முறை வருகிறது, அதுவும் பெரும்பாலும் கை ஓய்ந்துபோன பிறகு. ஆகவே இதைக் கைக்கான பயிற்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை. வலிக்கிறது என்று அவள் அழுவது சாக்கு அன்று. இறுக்கிப் பிடித்த விரல்கள் உண்மையாகவே வலிக்கும்.

எண்ணும் வரிசை வேறு, எழுதக் கற்கும் வரிசை வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நேர்கோடும் வட்டமும் மூன்று வயதையொட்டியே குழந்தைகளுக்கு வந்துவிடுவதால், 1-ம் 0-ம் முதலில் வரட்டும். அடுத்து, நிற்கும் கோடுகளாலும் படுக்கைக் கோட்டாலும் ஆன, மேலே திறந்த 4. பிறகு 7, பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும், கீழேயும் பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் நகர வேண்டிய அதன் சாய்கோடு பல குழந்தைகளுக்கு ஐந்து வயதை நெருங்கும்போதுதான் நன்றாக அமைகிறது. வட்டம் பழகிய கைக்கு 6, 9 வசப்படும். வளைவின் திசை இடையில் மாறும் 2, 3, 5 அதன் பின்னரும், தன் பாதையைத் தானே குறுக்கே கடக்கும் 8 கடைசியிலும் வரட்டும்.

முதல் சில வாரங்களுக்கு மேசையையும் நோட்டையும் விட்டுவிட்டுச் சுவருக்குச் செல்லுங்கள். ஒரு தூரிகையைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்து, அவள் கண் உயரத்தில், முழங்கை நீளத்துக்கு ஒரு 1, ஒரு 0 என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். நின்றுகொண்டு செங்குத்தான பரப்பில் எழுதும்போது தோள் உறுதிபெறுகிறது. மணிக்கட்டு தானாகவே சற்றுப் பின்னோக்கி வளைவதால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிரே வந்து பிடிப்பது எளிதாகிறது. பிடி, பிடி என்று நூறு முறை சொல்லித் திருத்த முடியாததைச் சுவரே திருத்திவிடுகிறது. தண்ணீரால் எழுதியது சிறிது நேரத்தில் உலர்ந்துவிடுவதால், அழிரப்பரைத் தேடிப் பயப்படவும் அவசியமில்லை. ஈர மணலில் விரலால் எழுதலாம். களிமண்ணை உருட்டித் திரியாக்கி 6 செய்யலாம், அந்த உருட்டலே உள்ளங்கைக்கு வலு சேர்க்கும். 1907-இல் ரோமில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தம் முதல் பள்ளியைத் திறந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில், உப்புத்தாளில் வெட்டிய எண்களை விரலால் தடவி உணரும் பயிற்சி உண்டு. ஓர் அட்டையும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தால் அதை வீட்டிலேயே செய்துவிடலாம்.

அவள் கையைப் பிடித்து எழுதுவிப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் நகர்த்தும்போது இயக்கத்தைத் திட்டமிடுவது உங்கள் மூளை. அவள் கை வெறுமனே உடன் செல்கிறது. அதற்குப் பதிலாக, அவள் பார்க்க நீங்கள் ஒரு முறை மெதுவாக எழுதுங்கள், பிறகு அவள் தானாக எழுதட்டும். புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் தாள்களும் ஓரளவுக்குத்தான் உதவும், ஏனெனில் குழந்தையின் கண் அடுத்த புள்ளியைத் தேடுகிறதே தவிர, உருவத்தை முழுதாகக் காண்பதில்லை. இன்னும் வாசிக்கத் தொடங்காத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் குழந்தைகள் தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்த்தபோது தெளிவாக இயங்கின. புள்ளிக்கோட்டின் மேல் எழுதியவற்றுக்கும் தட்டச்சு செய்தவற்றுக்கும் அவ்வாறு இயங்கவில்லை. அந்த ஆய்வு எழுத்துகளைப் பற்றியது என்றாலும், எண்களுக்கும் அதைக் கருத்தில் கொள்வது தகும் என்றே நினைக்கிறேன்.

3-ஐத் திருப்பிப் போடுவது ஏறக்குறைய ஏழு வயது வரை இயல்பானதே. கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் கோப்பை கோப்பைதான் என்று உலகத்தைக் கற்ற குழந்தைக்கு, திசை மாறினால் பிழையாகிவிடும் பொருள் எண்ணும் எழுத்தும்தான். தவறு என்று கோடிட்டு அடிக்காமல், தொடங்கும் இடத்தில் இடப்பக்கம் ஒரு பச்சைப் புள்ளி வைத்து, ‘இங்கிருந்து அந்தப் பக்கம்’ என்று மட்டும் சொல்லுங்கள். 8-க்கு, இரண்டு நாற்காலிகளை இடைவெளி விட்டு வைத்து, ஒன்றைச் சுற்றி, நடுவில் குறுக்கே கடந்து, மற்றொன்றைச் சுற்றி அவள் நடக்கட்டும். காலால் கடந்து பழகியதைப் பிறகு சுவரில் கையால் பெரிதாக எழுதிப் பார்க்கட்டும்.

கருவி என்று பார்த்தால், நீளமான பென்சிலைவிட, கட்டைவிரல் அளவே உள்ள கிரேயான் துண்டோ சாக்பீஸ் துண்டோ மேல். அவ்வளவு சிறியதை முழுக் கையால் மூடிப் பிடிக்க முடியாது. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அடியில் ஒரு சிறு பஞ்சுருண்டையை வைத்துக்கொள்ளச் சொன்னால், மற்ற மூன்று விரல்களும் எழுதும் வேலைக்கு எஞ்சும். இடக்கைக் குழந்தையாக இருந்தால், பார்த்து எழுதும் மாதிரியை வலப்பக்கம் வையுங்கள். சட்டைப் பொத்தான், துணி கிளிப், மணி கோத்தல், காகிதம் கிழித்தல் ஆகியவையும் நல்லவை.

ஐந்து வயதை நெருங்கியும் பிடி மாறாவிட்டாலோ, பொத்தான் போடுதல், கரண்டி பிடித்தல் போன்ற அன்றாட வேலைகளிலும் திணறினாலோ, கை நடுங்கினாலோ, முன்பு செய்தவற்றை இப்போது செய்ய முடியாமல் போனாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டி, அவர் வழியாக, கை இயக்கத்துக்கும் அன்றாட வேலைகளுக்கும் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்கள். கண் பரிசோதனையும் அப்போதே செய்துவிடலாம்.

அதுவரை வகுப்பு ஆசிரியையிடம் பணிவோடும் தெளிவோடும் பேசி, ஐம்பது எண்களுக்குப் பதிலாக நாளுக்கு மூன்று எண்கள், ஒவ்வொன்றும் மும்முறை என்று கேட்டுப் பெறுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும், அவள் சோர்வதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். சுவரில் வட்டத்தைத் தடையின்றி மூடவும், சாய்கோட்டை நேராக இழுக்கவும் அவளுக்கு வந்த பிறகு, கோடில்லாத பெரிய தாளையும், அதன் பின் பெரிய கட்டங்களையும் கொடுங்கள். நோட்டின் சிறு கட்டம் அதற்கப்புறம் வரட்டும். அப்போது பாதம் தரையில் படியும் நாற்காலியும், முழங்கை உயரத்துக்கு மேசையும், தாளை அழுத்திப் பிடிக்க மற்றொரு கையும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.