டூடூ ஆப் முடிச்சாச்சு, அடுத்து ஆன்லைன் கடையில சர்ச் சஜஷன் வைக்க எலாஸ்டிக்சர்ச் படிச்சே ஆகணுமா?

வேண்டாம். டூடூ ஆப்ல (செய்ய வேண்டிய வேலைய குறிச்சு வைக்கிற பழகுற ஆப்) ஆட், எடிட், டெலீட் எல்லாம் ஓடுது, இப்ப வீட்டுப் பலகாரக் கடைக்கு சைட்டு போடுறேன், தேடுற பெட்டியில ரெண்டெழுத்து அடிச்சதும் கீழ லிஸ்ட் வரணும், சாமான் மொத்தம் 200க்குள்ளதான்னு கேட்டிருக்கீங்க. எலாஸ்டிக்சர்ச்ங்கறது சர்வர்ல தனியா ஓடுற பெரிய தேடல் சாஃப்ட்வேர், 200 சாமானுக்கு அது வடசேரி சந்தையில ஒரு கட்டு கீரை வாங்க லாரி பிடிக்கிற கதை. அது ஜாவால ஓடுறது, சின்ன சர்வர்ல போட்டா மெமரி பூரா அதுக்கே போயிடும்.

நான் நாகர்கோவில் பக்கம். சிப்ஸ், மார்த்தாண்டம் தேன், கருப்பட்டி, மசாலா சாமான் விக்கிற ஒரு சின்னக் கடைக்கு இதே வேலைய செஞ்சு கொடுத்திருக்கேன், அத வச்சுதான் சொல்லுதேன்.

உங்க டூடூ ஆப்ல முடிஞ்ச வேலைய மட்டும் காட்ட ஒரு ஃபில்டர் எழுதியிருப்பீங்கல்லா, சஜஷனும் அதேதான், சாமான் பேரு பூராவையும் ஒரு ஜேசன் ஃபைலா (லிஸ்ட்ட எழுத்தா எழுதி வைக்கிற ஃபைல்) பேஜோட அனுப்பிட்டு பிரவுசர்லயே ஃபில்டர் பண்ணிக்கிடலாம், எழுத்த சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில தமிழ் எழுத்து, கொம்பு, கால்னு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போனாலும் மொத்தமும் ஒரு சாமான் போட்டோவ விடச் சின்னதாத்தான் இருக்கும். முதல்ல டூடூ ஆப்லயே ஒரு தேடுற பெட்டி வச்சுப் பாருங்க. டெலீட்டுக்கு இன்டெக்ஸ் நம்பர் (லிஸ்ட்ல எத்தனாவதுங்கற நம்பர்) வச்சிருந்தா அங்கயே மாட்டும், ஏன்னா ஃபில்டர் ஆன லிஸ்ட்ல ரெண்டாவதா நிக்கிறது ஒரிஜினல் லிஸ்ட்ல ஒன்பதாவதா இருக்கும், நீங்க ஒண்ண அழிக்க வேற ஒண்ணு போவும். ஒவ்வொண்ணுக்கும் தனி ஐடி குடுத்திருங்க, கடையிலயும் அதுதான் வேணும்.

கோடு ஒரு சாயங்கால வேலை. மிச்சம் பூரா, ஆளுங்க என்ன வார்த்தை அடிப்பாங்கங்கறதுதான், நேரத்த அங்க போடுங்க.

எங்க கடை அக்கா சைட்டு ஓட ஆரம்பிச்சதும் போன் பண்ணி, "மக்கா, அண்டிப்பருப்புன்னு அடிச்சா ஒண்ணுமே வரல்லியே, உள்ள சாக்கு சாக்கா கிடக்குல்லா?"ன்னாங்க. பாக்கெட்ல அச்சடிச்சிருந்தது முந்திரிப் பருப்பு, லிஸ்ட்லயும் அதான் ஏறியிருக்கு. இப்படி எங்க ஊர்ல மட்டும் நல்லமிளகு, மரச்சீனி, சக்கைன்னு ஒரு வண்டி இருக்கு, கோயம்புத்தூர்லயோ சென்னையிலயோ இருந்து வாங்குறவங்க மிளகு, மரவள்ளி, பலான்னு அடிப்பாங்க, ஏத்தங்காய் சிப்ஸயே பாதிப்பேர் நேந்திரம்னுதான் தேடுவாங்க. அதனால ஒவ்வொரு சாமானுக்கும் பேரு போக "வேற பேரு"ன்னு ஒரு காலம் (column) வைங்க, அதுல எல்லாத்தையும் கொட்டுங்க, இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறதையும் சேத்துதான். தேன்னு அடிக்க டி-ஹெச்-இ-என்னும் போடுவாங்க, டி-ஹெச்-ஏ-இ-என்னும் போடுவாங்க, ரெண்டும் இருக்கணும். எது அடிச்சு ஒண்ணுமே வரலையோ அத மட்டும் தனியா லாக் பண்ணி அப்பப்ப பாருங்க, வேற பேரு காலம் தன்னால நிறையும்.

இனி தமிழுக்குன்னே உள்ள சிக்கல், இத இங்கிலீஷ் டுட்டோரியல்ல யாரும் சொல்ல மாட்டாங்க. மூணெழுத்து அடிச்ச பிறகுதான் தேடணும்னு பல சாம்பிள் கோடுல இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்ல "பூ"வோட நீளம் 2, அதாவது ப ஒண்ணு, ஊகாரக் குறி ஒண்ணு. தோவாளைப் பூவுக்கு ஆர்டர் எடுக்கிற கடையில அந்தக் கோடு இருந்தா பூன்னு முழுசா அடிச்சாலும் லிஸ்ட் வராது. தமிழ்னா ஒண்ணுலயே ஆரம்பிச்சிருங்க, கெட்டுப்போகாது.

அடுத்து, "கொ"ங்கற எழுத்துல வர்ற ஒகரக் குறி யூனிகோடுல ஒரே குறியாவும் இருக்கலாம், ஒத்தக்கொம்பும் காலுமா ரெண்டா பிரிஞ்சும் இருக்கலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது ஆனா கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற, எங்கிருந்தோ காப்பி பண்ணி ஒட்டின எக்செல்ல இது சகஜம். லிஸ்ட்டயும் அடிக்கிறதையும் ரெண்டையுமே நார்மலைஸ் ஃபங்ஷன்ல என்எஃப்சி (பிரிஞ்ச குறிய ஒண்ணா சேக்கிற முறை) குடுத்து ஓட்டிட்டு அப்புறம் ஒப்பிடுங்க.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏத்தம்பழம் மனசுல வச்சு "ஏத்தம்"னு அடிச்சு நிறுத்துறாங்கன்னு வைங்க, ஏத்தங்காய் சிப்ஸ் வராது, ஏன்னா அங்க ம் இல்ல, ங். ஒண்ணும் கிடைக்கலன்னா கடைசியில நிக்கிற புள்ளி வச்ச எழுத்த வெட்டிட்டு "ஏத்த"ன்னு மறுபடி தேடுங்க, வந்திரும். பழம், பழச்சாறு மாதிரி புணர்ச்சியில மாறுறதுல நிறைய இதுலயே சரியாயிடும், பெரிய லைப்ரரி எதுவும் வேண்டாம். பேரோட முதல் வார்த்தையில மட்டும் தேடாம ஒவ்வொரு வார்த்தை ஆரம்பத்துலயும் தேடுங்க, 2021ல கன்னியாகுமரி கிராம்புக்கு புவிசார் குறியீடு கிடைச்சதால அந்தப் பேர முழுசாவே போட்டு வச்சிருப்பீங்க, வாங்குறவரு கிராம்புன்னுதான் ஆரம்பிப்பாரு.

போன்ல டெஸ்ட் பண்ணுங்க, லேப்டாப்ப நம்பாதீங்க. ஆண்ட்ராய்டு கீபோர்டுல, ஒரு கீய அமுக்கினதும் வர்ற கீடவுன் இவென்ட்ல பெரும்பாலும் 229ங்கற ஒரே நம்பர்தான் வரும், எந்த எழுத்துன்னே தெரியாது, பெட்டியில எழுத்து மாறினதும் வர்ற இன்புட் இவென்ட்ட பிடிங்க. கீபோர்டே பாதி ஸ்கிரீன அடைச்சுக்கிடும், அஞ்சாறு வரிக்கு மேல காட்டாதீங்க, ஓணம் சமயத்துல மட்டும் சிப்ஸ மேல ஏத்தி விடுங்க. அப்புறம் லிஸ்ட்ல ஒரு பேர தொட்டா லிஸ்ட் மூடுது ஆனா சாமான் வரலன்னு ஒரு பிரச்சினை எல்லாருக்கும் வரும், பெட்டிய விட்டு ஃபோகஸ் போற ப்ளர் இவென்ட் கிளிக்குக்கு முந்தியே ஓடி லிஸ்ட்ட மூடிடுறதுதான் காரணம். லிஸ்ட்டோட மவுஸ்டவுன்ல பிரிவென்ட் டிஃபால்ட் போட்டா ஃபோகஸ் போகாது, தீந்துது.

சாமான் பல ஆயிரம் ஆச்சுன்னா சர்வருக்குப் போகலாம், அப்பவும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸே போதும். அதுல தேடுற லைக் கட்டளையில சதவீதக் குறிய பின்னாடி மட்டும் போட்டாத்தான் இன்டெக்ஸ் வேலை செய்யும், முன்னாடியும் போட்டா டேபிள் பூரா தேடும். ஒவ்வொரு எழுத்துக்கும் ரிக்வெஸ்ட் போகாம 200, 300 மில்லிசெகண்ட் டிபவுன்ஸ் (அடிச்சு நிறுத்துற வரை காத்திருக்கிறது) வைங்க, பழைய ரிக்வெஸ்ட்ட பிரவுசர்ல உள்ள அபார்ட் கன்ட்ரோலர் வச்சு கேன்சல் பண்ணுங்க, இல்லன்னா களியக்காவிளை பக்கம் சிக்னல் விட்டு விட்டு வர்ற இடத்துல "தே"க்கு உள்ள பதில் "தேங்கா"வுக்கு உள்ள பதிலுக்குப் பிந்தி வந்து, தேங்கான்னு அடிச்சவருக்கு தேன் பாட்டில் வரிசையா நிக்கும்.