மாத்திரையை யார் நிறுத்தியது?

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை. பதில் சொல்பவர் பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்தாளுநர்.

காசிமேடு, இளம் தாய்: மனச்சோர்வுக்குக் கொடுத்த செர்ட்ராலின் மாத்திரை ஆரம்பித்து 6 நாள் ஆகிறது. குமட்டல்தான் மிச்சம், மனசு அப்படியே இருக்கிறது. நிறுத்திவிடலாமா அக்கா?

வேண்டாம்மா. இந்த மாத்திரையில் தொல்லை முந்திக்கொள்ளும், பலன் பிந்தித்தான் வரும். குமட்டல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மனசு லேசாவது தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலனுக்கு 6, 8 வாரம்கூட ஆகலாம். சாப்பிட்டபின் போட்டுப் பாருங்கள். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக விடாதீர்கள்.

கொருக்குப்பேட்டை, மாமியார்: பால் வழியாகக் குழந்தைக்கும் மருந்து போகுமே? பயந்துபோய் மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னதற்கு நன்றிம்மா. பச்சை உடம்புக்காரியைப் பத்தியம் பார்த்துக் காப்பாற்றுகிறீர்கள், அந்த அக்கறையில் செய்தது இது. ஆனால் செர்ட்ராலின் பாலில் போவது மிகக் கொஞ்சம். அதனால்தான் பால் கொடுக்கும் தாய்க்கு டாக்டர்கள் பெரும்பாலும் இதை முதலில் எழுதுகிறார்கள். குழந்தை குறைமாதம் என்றால் குழந்தை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ காட்டுங்கள். டப்பாவிலிருந்து எடுத்து நீங்களே கொடுங்கள். எத்தனை நாள் விட்டுப்போனது என்று டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

நானும் ஒரு காலத்தில் கவரில் ‘காலை 1’ என்று எழுதிக் கொடுத்ததோடு சரி. ஒரு பெண் அடுத்த மாதம் அட்டையைப் பிரிக்காமலே கொண்டுவந்தாள். அவள் மறக்கவில்லை, வீட்டில் கொடுக்கவில்லை. அதிலிருந்து, மருந்து சாப்பிடும் பெண் சம்மதித்தால், கூட வந்தவர்களையும் உட்கார வைத்துத்தான் பேசுகிறேன்.

தண்டையார்பேட்டை, கணவர்: நன்றாகிவிட்டாள் என்று 2 மாதத்தில் நிறுத்தினோம். தலைசுற்றல், உடம்பில் கரண்ட் அடித்தாற்போல இருக்கிறதாம். மருந்துக்கு அடிமையாகிவிட்டாளா?

இல்லை தம்பி. சட்டென நிறுத்தினால் இப்படி வரும். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். இல்லையென்றால் நோய் திரும்பலாம். இன்றே டாக்டரைப் பாருங்கள். நிறுத்தும்போதும் அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

வியாசர்பாடி: ஒரு வேளை மறந்தால் அடுத்த நாள் இரண்டாகப் போடலாமா?

கூடாது. அன்றே நினைவு வந்தால் போடுங்கள், மறுநாள் ஆகிவிட்டால் வழக்கமான ஒன்று மட்டும்.

பெரம்பூர், தங்கை: குழந்தை பிறந்து 9 நாள். அக்கா 3 நாளாகத் தூங்கவில்லை. இது என் குழந்தை இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள் என்கிறாள். மந்திரிக்கப் போகலாம் என்கிறார் அம்மா.

மந்திரிப்பது அப்புறம் இருக்கட்டும். இது வெறும் மனச்சோர்வு மாதிரி தெரியவில்லை, பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வாக இருக்கலாம். அவசரம். இப்போதே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், வண்டி இல்லாவிட்டால் 108. அக்காவையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள், கூடவே ஒருவர் இருக்கட்டும். பிரசவச் சீட்டு, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.