ஹார்ட் டிஸ்க்ல இருந்து எஸ்எஸ்டிக்கு விண்டோஸை அப்படியே கொண்டு போறது எப்படி?

கேள்வி: சார், என் லேப்டாப் ஆறு வருஷம் பழசு, விண்டோஸ் 11 ஓடுது, உள்ள 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணினா டெஸ்க்டாப் வர்றதுக்கே நாலஞ்சு நிமிஷம் ஆகுது, அதுக்கப்புறமும் டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம்னே நிக்குது. 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். சி டிரைவ்ல 210 ஜிபி இருக்கு, டி டிரைவ்ல போட்டோ வீடியோ எல்லாம் சேர்த்து 400 ஜிபி. கணக்கு பாக்குற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதோட இன்ஸ்டால் ஃபைல் இப்ப என்கிட்ட இல்ல. விண்டோஸ் புதுசா போடாம அப்படியே மாத்த முடியுமா? குளோன் பண்ணினா பழைய ஸ்லோவும் கூடவே வந்துரும்னு சிலர் சொல்றாங்களே?

பதில்: மாத்தலாம், உங்க நிலைமைக்கு குளோன்தான், அதாவது டிஸ்க்ல இருக்கிறதை அப்படியே காப்பி எடுக்கிறதுதான் சரி. இன்ஸ்டால் ஃபைல் இல்லாத ஒரு சாஃப்ட்வேர் இருக்குன்னு நீங்க சொன்ன உடனே புதுசா விண்டோஸ் போடுற யோசனைய நான் விட்டுட்டேன். அடிக்கடி ப்ளூ ஸ்கிரீன் வருது, வைரஸ் புகுந்துருச்சு, அப்டேட்டே ஏற மாட்டேங்குதுன்னு இருந்தா மட்டும்தான் புதுசா போடச் சொல்வேன், ஏன்னா அந்த கோளாறெல்லாம் காப்பியிலயும் அப்படியே வரும். ஆனா நீங்க சொல்ற ஸ்லோ விண்டோஸோட கோளாறு இல்ல, அது டிஸ்க்கோட கோளாறு, அதனால அது கூட வராது.

ஏன்னு சொல்றேன். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்துறது. ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட். உங்களுக்கு வேண்டிய டேட்டா தட்டுல எங்கயோ இருக்கும், அது ஹெட்டுக்கு கீழ வர்ற வரைக்கும் சராசரியா அரை சுத்து காத்திருக்கணும், அதுக்கு முன்னாடி ஹெட் நகர்ந்து அந்த டிராக்குக்கு போகவே பத்து மில்லி செகண்டுக்கு மேல ஆகும். எல்லாம் சேர்த்து பாத்தா இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு சிதறிக் கிடக்கிற சின்ன சின்ன ஃபைல்களை செகண்டுக்கு அறுபது எழுபது தடவைதான் அதால எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்திரிக்கும்போது இப்படி ஆயிரக்கணக்குல கேக்கும், அதனாலதான் வேகம் ஒண்ணு ரெண்டு எம்பின்னு காட்டும்போதே டிஸ்க் 100 சதவீதம்னு நிக்குது. எஸ்எஸ்டியில சுத்துறதும் இல்ல நகர்றதும் இல்ல, எங்க இருக்கிற டேட்டாவா இருந்தாலும் 0.1 மில்லி செகண்டுக்குள்ள வந்துரும். சாட்டா எஸ்எஸ்டி செகண்டுக்கு 550 எம்பிதான், என்விஎம்இங்கற வேற வகை எஸ்எஸ்டி 3500 எம்பி போகுமேன்னு யாராவது சொன்னா கவலைப்படாதீங்க, உங்க கஷ்டம் அந்த தேடுற நேரத்துலதான் இருக்கு, அது சாட்டாவுலயே தீர்ந்துரும்.

வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை மனசுல நல்லா பதிய வச்சுக்கோங்க. குளோன்ங்கறது காப்பி. பழைய டிஸ்க்ல எதையும் அழிக்காம வச்சிருக்கிற வரைக்கும் நீங்க பண்ற எந்த தப்பையும் திருத்திக்கலாம், புதுசு பூட் ஆகலைன்னா, அதாவது அதுல இருந்து விண்டோஸ் எழுந்திரிக்கலைன்னா, பழசை திரும்ப மாட்டினா லேப்டாப் நேத்து இருந்த மாதிரியே ஓடும். நான் பாத்த வரைக்கும் இந்த வேலையில டேட்டாவை இழந்தவங்க எல்லாரும் அவசரப்பட்டு பழைய டிஸ்க்ல கை வச்சவங்கதான்.

முதல்ல பழைய டிஸ்க் நல்லா இருக்கான்னு பாருங்க. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, திறந்த உடனே நீலத்துல குட்னு வந்தா நிம்மதி. மஞ்சள்ல காஷன்னு வந்து, ரீஅலோகேட்டட் செக்டர் இல்லன்னா கரண்ட் பெண்டிங் செக்டர் வரிசையில (கெட்டுப்போன, கெடப்போற இடங்களோட கணக்கு) எண்ணிக்கை ஏறியிருந்தா டிஸ்க் சாகத் தொடங்கிருச்சுன்னு அர்த்தம். அப்ப குளோனை ஓரமா வச்சுட்டு முதல்ல போட்டோக்களையும் கணக்கு டேட்டாவையும் வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க, ஏன்னா குளோன் பண்ணும்போது பழைய டிஸ்க்ல இருந்து நிறைய டேட்டாவை நிறுத்தாம படிக்கும், பலவீனமான டிஸ்க் அந்த நடுவுலயே போயிரலாம்.

அடுத்தது என்கிரிப்ஷன், அதாவது கீ இல்லாம யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்ல இருக்கிற டேட்டாவை பூட்டி வைக்கிறது. விண்டோஸ் 11 லேப்டாப் நிறைய மாடல்ல நீங்க ஆன் பண்ணாமலே அது ஆன்ல இருக்கும். செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள டிவைஸ் என்கிரிப்ஷன்னு இருக்கும், ப்ரோ எடிஷனா இருந்தா பிட்லாக்கர்னு தேடுங்க. ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, ஹார்ட் டிஸ்க்ல அந்த பூட்டு முழுசா திறந்து முடிய சில மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுட்டு தூங்கிடுங்க. அதுக்கு முன்னாடி 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் பாத்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. இதைத் தாண்டிப் போயிட்டு, பிறகு நீலத் திரையில கீ கேட்டு நின்னவங்களை நான் பாத்திருக்கேன், அந்த கீ எங்கயும் இல்லன்னா யார்கிட்ட போனாலும் அந்த டேட்டாவை திறக்க முடியாது.

இப்ப அளவு விஷயம். உங்க 500 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸ்ல 465னுதான் காட்டும், பழைய 1 டிபி 931னு காட்டும், எண்ணுற கணக்கு வேற, ஏமாத்து வேலை இல்ல. 610 ஜிபி டேட்டா 465க்குள்ள போகாது, ஆனா போகவும் வேண்டாம். சி டிரைவையும் அதோட சேர்ந்த சின்ன பார்ட்டிஷன்களையும் (டிஸ்க்கை பிரிச்சு வச்சிருக்கிற பகுதிகள்) மட்டும் கொண்டு போங்க, டி பழைய டிஸ்க்லயே இருக்கட்டும். விண்டோஸ்லயே இருக்கிற டிஸ்க் மேனேஜ்மென்ட்டை திறந்து பாத்தீங்கன்னா சிக்கு முன்னாடி 100 எம்பியோ 260 எம்பியோ ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்னு ஒண்ணு இருக்கும், சிக்கு பின்னாடி அரை ஜிபி ஒரு ஜிபி அளவுல ரெக்கவரின்னு ஒண்ணு இருக்கும். கண்ணுக்கே தெரியாத 16 எம்பி பார்ட்டிஷன் ஒண்ணும் உண்டு, அதை குளோன் சாஃப்ட்வேர் பட்டியல்ல காட்டும். இதெல்லாம் டிக் ஆகி இருக்கணும். சியை மட்டும் காப்பி பண்ணிட்டு பூட் ஆகலையேன்னு வர்றவங்கதான் அதிகம், பூட் பண்றதுக்கான ஃபைல் சியில இல்ல, அந்த 100 எம்பியிலதான் இருக்கு.

டியை விட்டுட்டுப் போறதுல ஒரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டரை எப்பவோ டிக்கு மாத்தி வச்சிருந்தீங்கன்னா புது எஸ்எஸ்டியில பூட் ஆன உடனே விண்டோஸ் அந்த ஃபோல்டரை காணோம்னு சொல்லும். ஒவ்வொரு ஃபோல்டர் மேலயும் ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல லொகேஷன் டேப் பாருங்க, டின்னு ஆரம்பிச்சா ரீஸ்டோர் டிஃபால்ட் குடுத்து சிக்கு கொண்டு வாங்க. ஃபைலையும் கூடவே நகர்த்தட்டுமான்னு கேக்கும், சியில இடம் பத்துமான்னு பாத்துட்டு சரின்னு சொல்லுங்க. கணக்கு சாஃப்ட்வேரோட டேட்டா ஃபோல்டர் எங்க இருக்குன்னும் இப்பவே பாத்துருங்க, அது டியில இருந்தா அதையும் இப்பவே சரி பண்ணணும். இன்னொண்ணு, சில சாஃப்ட்வேர் லைசென்ஸை டிஸ்க்கோட சீரியல் நம்பரோட கட்டி வச்சிருக்கும், எஸ்எஸ்டியில திறந்தா திரும்ப ஆக்டிவேட் பண்ணச் சொல்லலாம். லைசென்ஸ் கீ உங்ககிட்ட இருக்கான்னு தேடி எடுத்து வச்சுட்டு ஆரம்பிங்க. விண்டோஸுக்கு அந்த கவலை இல்ல, அதோட டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டைத்தான் முக்கியமா பாக்கும், டிஸ்க் மாத்தினா போகாது.

சாஃப்ட்வேர் எதுன்னா, எஸ்எஸ்டி கம்பெனிகள் பல பேர் தங்களோட டிரைவுக்கு இலவசமா குளோன் சாஃப்ட்வேர் தர்றாங்க, உங்களோடதுக்கு இருந்தா, அதுல பார்ட்டிஷன் தேர்ந்தெடுக்க விட்டா, அதையே எடுங்க. நிறைய பேர் பழக்கத்துல சொல்ற மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டோட இலவச பதிப்பை 2024 தொடக்கத்தோட நிறுத்திட்டாங்க. குளோன்சில்லா இலவசம், நல்லதுதான், ஆனா பெரிய டிஸ்க்ல இருந்து சின்னதுக்கு போறது அதுல சிரமம், முதல் தடவை பண்றவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எஸ்எஸ்டியை சாட்டா டு யூஎஸ்பி கேபிள்ல மாட்டுங்க. இனிஷியலைஸ் பண்ணட்டுமான்னு (புது டிஸ்க்கை தயார் பண்றது) விண்டோஸ் கேட்டா, பார்ட்டிஷன் வகைக்கு ஜிபிடின்னு குடுங்க. சாஃப்ட்வேரை திறந்தா ரெண்டு டிஸ்க் மேலயும் கீழயும் நிக்கும், எது சோர்ஸ் எது டார்கெட்னு கேக்கும். இங்க ஒரு நிமிஷம் கையை மவுஸ்ல இருந்து எடுத்துட்டு பாருங்க. டிஸ்க் 0, டிஸ்க் 1ன்னு இருக்கிற நம்பரை நம்பாதீங்க, அளவை பாருங்க, 931னு இருக்கிறது சோர்ஸ், 465னு காலியா இருக்கிறது டார்கெட். இதை மாத்தி குடுத்து, காலி டிஸ்க்கை கொண்டு போய் தன் பத்து வருஷ போட்டோ மேல எழுதிட்ட ஒருத்தர் என்கிட்ட வந்து உக்காந்து அழுதது இன்னும் எனக்கு மறக்கல. விண்டோஸ் ஓடிட்டு இருக்கிற டிஸ்க் மேல எழுத நல்ல சாஃப்ட்வேர் விடாது, ஆனா வெளிய மாட்டின டிஸ்க் ரெண்டா இருந்தா அந்த காப்பு கிடையாது. அதனால பேக்கப் டிஸ்க், பென் டிரைவ் எல்லாத்தையும் கழட்டிட்டு ஆரம்பிங்க.

பார்ட்டிஷனை டார்கெட்ல வைக்கும்போதே சியோட அளவை இழுத்து மீதி இடம் முழுக்க குடுத்துருங்க. பிறகு பாத்துக்கலாம்னு விட்டா ரெக்கவரி பார்ட்டிஷன் சிக்கு பின்னாடியே ஒட்டி உக்காந்திருக்கும், எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலா தெரியும், அமுக்க முடியாது. சார்ஜரை மாட்டி, ஸ்லீப்பை ஆஃப் பண்ணிட்டு ஸ்டார்ட் குடுங்க. 210 ஜிபிக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகலாம், அது வரைக்கும் லேப்டாப்பை தொடாதீங்க.

முடிஞ்சதும் சாதாரணமா ஷட்டவுன் பண்ணாதீங்க, ஷிஃப்ட் கீயை அமுக்கிட்டு ஷட்டவுன் குடுங்க, அப்பதான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இல்லாம முழுசா அணையும். சார்ஜரை எடுங்க, பின்பக்க ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளமா இருக்காது, கழட்டுற வரிசையில ஒரு பேப்பர்ல வரைஞ்சு அந்தந்த இடத்துல வைங்க, நீள ஸ்க்ரூவை குட்டை ஸ்க்ரூவோட இடத்துல முறுக்கினா மேல கீபோர்டு பக்கம் முட்டிக்கும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை பிடுங்குறது. ஹார்ட் டிஸ்க்கை சுத்தி ஒரு தகர ஃப்ரேம் இருக்கும், அதைக் கழட்டி எஸ்எஸ்டிக்கு மாட்டுங்க. எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன், பழசு 9.5 ஆ இருந்தா கொஞ்சம் ஆடும், சில எஸ்எஸ்டி பெட்டியோட வர்ற பிளாஸ்டிக் ஸ்பேசர் அதுக்குத்தான். ஹார்ட் டிஸ்க்குக்கு போற கேபிள் பேப்பர் மாதிரி மெல்லிசா இருந்தா அதை பிடிச்சு இழுக்காதீங்க, கனெக்டரை பிடிச்சு இழுங்க.

முதல் தடவை ஆன் பண்ணும்போது பழைய டிஸ்க் எந்த வழியிலயும் மாட்டி இருக்கக் கூடாது, யூஎஸ்பியிலயும் கூடாது. ரெண்டுக்கும் ஒரே அடையாள நம்பர் இருக்க வாய்ப்பு உண்டு, விண்டோஸ் குழம்பிட்டு நீங்க நினைக்காத டிஸ்க்ல இருந்து பூட் ஆகும், இல்லன்னா ஒண்ணை ஆஃப்லைன் ஆக்கிடும். புதுசுல ஓடுதுன்னு நினைச்சுட்டு பழசை ஃபார்மட் பண்ற விபத்து இங்கதான் நடக்குது.

பூட் டிவைஸ் இல்லன்னு வந்தா பயாஸ்க்குள்ள (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற லேப்டாப்போட செட்டிங் திரை) போய் பூட் வரிசையில விண்டோஸ் பூட் மேனேஜர் முதல்ல இருக்கான்னு பாருங்க. அந்த பேரே இல்லன்னா விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவ்ல பூட் பண்ணி ஸ்டார்ட்டப் ரிப்பேர் குடுங்க, பெரும்பாலும் சரியாகிடும். இனாக்சசிபிள் பூட் டிவைஸ்னு ப்ளூ ஸ்கிரீன் வந்தா பயாஸ்ல சாட்டா மோடை (டிஸ்க்கோட லேப்டாப் பேசுற முறை) யாராவது மாத்தினாங்களான்னு யோசிங்க, ஏஹெச்சிஐயோ ரெய்டோ, முன்னாடி எது இருந்துச்சோ அதையே திரும்ப வைங்க.

பூட் ஆன பிறகு வேலை ரொம்ப கம்மி. டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்னு தேடி திறங்க, சிக்கு நேரா சாலிட் ஸ்டேட் டிரைவ்னு இருந்தா போதும், அழிச்ச ஃபைலோட இடம் காலின்னு எஸ்எஸ்டிக்கு சொல்ற ட்ரிம் கட்டளையை விண்டோஸே அனுப்பிக்கும். பேஜ் ஃபைலை (ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல எடுத்துக்கிற இடம்) ஆஃப் பண்ணு, எஸ்எஸ்டி தேய்ஞ்சிரும்னு சொல்றவங்க பேச்சை கேக்காதீங்க. இந்த அளவு எஸ்எஸ்டியில நல்ல மாடலுக்கு 300 டிபி எழுதுற வரைக்கும் வாரண்டி தர்றாங்க, தினம் 20 ஜிபி எழுதினாலும் அது 15,000 நாள், நாப்பது வருஷத்துக்கு மேல. இடத்தை மட்டும் விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, ஒரு 60, 70 ஜிபி காலியா இருக்கட்டும். என்கிரிப்ஷனை திரும்ப ஆன் பண்ணிடுங்க.

பழைய டிஸ்க்கை ஒரு மாசம் அப்படியே எடுத்து வைங்க. போட்டோ வேணும்னா யூஎஸ்பி கேஸ்ல போட்டு மாட்டிக்கோங்க, அப்ப அதோட பழைய சி வேற எழுத்துல தெரியும், டியும் வேற எழுத்துல வந்தா டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டின்னே மாத்திக்கலாம். கணக்கு சாஃப்ட்வேர்ல ஒரு மாசக் கணக்கை முடிச்சு, பிரிண்ட் எடுத்து, பேக்கப்பும் எடுத்து எல்லாம் சரியா வருதுன்னு உறுதியான பிறகு அந்த பழைய சி பார்ட்டிஷனை மட்டும் அழிங்க. டியில இருக்கிற 400 ஜிபி போட்டோவுக்கு இப்ப அந்த ஆறு வருஷ பழைய டிஸ்க் மட்டும்தான் இடம், அதனால அதுக்கு இன்னொரு டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்துருங்க.