கறந்த பிறகு காம்பு தோய்க்கிறது: கேள்வி பதில்

மாங்குளத்தில் இருந்து: அண்ணை, மூன்று ஜேர்சிக் கலப்பு மாடு நிக்குது. மடிவீக்கம் வராமல் காம்பு தோய்க்க, பாமசியில் வாங்கிற பொவிடோன் அயடீன் என்கிற கிருமிகொல்லி மருந்தை அப்படியே பாவிக்கலாமோ?

கலந்து பாவியுங்கோ தம்பி. போத்தலில் 10 சதவீதம் என்று இருந்தால், அதில் வேலை செய்யிற அயடீன் 1 சதவீதம்தான். காம்புக்கு அதில் பாதி காணும். மருந்து 50 மில்லிலீற்றர், கிளிசரின் 10, கொதித்தாறின தண்ணி 40. கிளிசரினைத் தவிர்க்க வேண்டாம். அயடீன் தோலைக் காயவைக்கும், வெடிச்ச தோலில் கிருமி குடியிருக்கும். நுரைக்கிற ஸ்க்ரப் வகை வேண்டாம், அதில் சவர்க்காரம் இருக்கு.

மாட்டுக்கு ஒருமுறை 10 மில்லிலீற்றர் போகும், ஆகவே உங்களுக்கு 100 ஒரு நாளுக்குத் தாராளம். யோகட் கப் ஒன்றில் ஊத்தி, காம்பு முழுக்கத் தாழத் தோயுங்கோ. ஸ்பிறே அடிச்சால் ஒருபக்கம்தான் நனையும். கப்பில் சாணியோ பாலோ விழுந்தால் அயடீன் அதோடு செலவழிஞ்சு போகும், நிறமும் வெளிறும். அதை ஊத்திவிட்டுப் புதிதாக எடுங்கோ. மிச்சத்தைத் திரும்பப் போத்தலுக்குள் விடவே கூடாது.

ஒட்டுசுட்டானில் இருந்து: கன்று ஊட்டாமல் பால் இறங்காது. எப்ப தோய்க்கிறது?

கன்று கடைசியாகக் குடிச்சு முடிஞ்ச பிறகு. முதலில் கன்றை விட்டுப் பால் இறங்கினதும் கட்டுங்கோ. காம்பைக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, முதல் இரண்டு மூன்று பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டு, பாலில் கட்டியோ தண்ணித்தன்மையோ இருக்கோ எண்டு பாருங்கோ. கறந்து, மிச்சத்தைக் கன்றுக்குக் கொடுத்து, கன்றைக் கட்டின பிறகு தோயுங்கோ. முந்தினால் மருந்து கன்றின் வாயில்தான் போகும்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான நேரம். காம்பின் துவாரம் மூட அரை மணியில் இருந்து ஒரு மணித்தியாலம் செல்லும். அந்த நேரம் மாடு படுத்தால் கிருமிக்கு வாசல் திறந்திருக்கு. கறந்த உடனே புல்லும் தவிடும் போடுங்கோ. தின்னுகிற மாடு நிற்கும். கன்றும் அதுவரை கிட்டப் போகக்கூடாது.

பூநகரியில் இருந்து: தேங்காய் எண்ணெய் பூசித்தான் கறக்கிறோம். பிழையோ?

பிழைதான் அக்கா. ஒரே சிரட்டை எண்ணெயில் விரல் தோய்க்கத் தோய்க்க, ஒரு மாட்டின் கிருமி மற்றதுக்கு ஏறும். எண்ணெய்க் காம்பில் அயடீனும் ஒட்டாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காய்ஞ்ச கையால் கறவுங்கோ.

நெடுங்கேணியில் இருந்து: தோய்ச்சும் மாரியில் மடிவீக்கம் வருகுதே?

கறந்த பிறகு தோய்க்கிறது, கையாலும் துணியாலும் பரவுகிற ஸ்ரபிலோகொக்கஸ் போன்ற கிருமிகளைத்தான் நல்லாத் தடுக்கும். சேற்றிலும் சாணியிலும் இருக்கிற ஈ.கோலி என்கிற கிருமி அடுத்த கறவைக்கு இடையில் ஏறும். மாரிக்குக் கறக்க முன்னும் தோயுங்கோ: 30 செக்கன் விட்டு, மாட்டுக்கொரு துணியாக முழுக்கத் துடையுங்கோ, இல்லாட்டில் அயடீன் பாலில் சேரும். பட்டியில் படுக்கிற இடத்தை மணல் போட்டு உயர்த்தாமல் மருந்து மட்டும் காணாது.

புதுக்குடியிருப்பில் இருந்து: ஒரு காம்பில் பால் கட்டியாக வருகுது. கூடத் தோய்ச்சால் மாறுமோ?

மாறாது. தோய்க்கிறது புதிதாக வராமல் தடுக்க மட்டும். மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கோ, அந்த மாட்டைக் கடைசியாகக் கறவுங்கோ, கட்டிப் பாலை நிலத்தில் பீச்ச வேண்டாம். மருந்து ஏத்தினால் வைத்தியர் சொல்லுகிற நாள் முடியும்வரை நாலு காம்புப் பாலையும் விற்கக்கூடாது. ஒரு காம்பில் ஏத்தினாலும் மருந்து இரத்தத்தால் மற்றக் காம்புகளுக்கும் போகும்.