பேரன் வளரும் ஊர் தமிழ் ஊரா?

அன்புள்ள அம்மா,

எனக்கு 68 வயது. மதுரையில் மகாலுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து, இன்றைக்கும் அதே தெருவில் இருக்கிறேன். சுங்குடிச் சேலை வியாபாரம். கடையை இப்போது தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். எனக்கு ஒரே மகன். பதினைந்து வருஷமாகச் சென்னை வேளச்சேரியில் குடியிருக்கிறான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் அந்த ஊர் மேல்தான்.

சென்னை தமிழ் ஊரா என்று யாராவது எனக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1639-ல் கம்பெனிக்காரர்கள் ஒரு நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டி வளர்த்த ஊர். ஆந்திரா பிரிந்த சமயத்தில் தெலுங்குக்காரர்கள் 'மதராஸ் மனதே', அதாவது மதராஸ் நம்முடையதே என்று உரிமை கேட்ட ஊர். சௌகார்பேட்டைக்குள் போனால் இந்தியும் மார்வாடியும்தான் காதில் விழுகிறது. ஆர்மேனியர்கள் இருந்த தெருவுக்கு அரண்மனைக்காரன் தெரு என்று பெயர், அங்கே எந்த அரண்மனையும் கிடையாது. சரி, பேச்சாவது தமிழா என்றால் நாஷ்டா, பேஜார், டப்பு, நைனா என்று எல்லாம் இரவல். இப்படி ஒரு ஊர் எப்படித் தமிழ்நாட்டுக்குத் தலைநகரம் ஆகும்?

என் பேரனுக்கு ஆறு வயது. சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்தான். விடியற்காலையில் எழுப்பி, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டிப்போனேன். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் "தாத்தா, சாமி இன்னாத்துக்கு ரிவர்ல இறங்குது?" என்கிறான். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "'என்ன'ன்னு சொல்லுடா, 'ஆறு'ன்னு சொல்லுடா" என்று அதட்டினேன், அழுதுவிட்டான். அன்றைக்குச் சாயங்காலம் சம்பந்தி வீட்டாரும் இருந்தார்கள். பெரம்பூர்க்காரர்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பேரன் அந்த அம்மாவை "அம்மம்மா" என்று கூப்பிட்டுத் தெலுங்கில் பொரிந்து தள்ளுகிறான். அந்த ஆத்திரத்தில், "நீங்க எல்லாருமாச் சேர்ந்து என் பேரனை ஒரு பாஷையும் இல்லாதவனா ஆக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ராத்திரி அழகரின் தசாவதாரக் கோலத்தைக்கூடப் பார்க்காமல் காலையிலேயே எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். இரண்டு மாதமாக மகன் போன் பண்ணவில்லை. வாட்ஸ்அப்பில் "மாத்திரை போட்டீங்களா" என்று மட்டும் வரும்.

தமிழுக்காக நான் எவ்வளவு செய்திருக்கிறேன் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் என் தமிழைக் கேட்டுப் பையன்கள் சிரிப்பார்கள் (நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள்). என் மகனுக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்று, வீட்டுக்குள்ளும் அவனிடம் தமிழில்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டு வளர்த்தேன். என் மனைவி மட்டும் நான் இல்லாதபோது அவனோடு எங்கள் பேச்சிலேயே பேசுவாள், அதற்காக எத்தனையோ சண்டை. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது, இப்போது வீட்டில் அந்தப் பேச்சைப் பேச ஆளே இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவள் வாயில் தமிழே வரவில்லை, எங்கள் பேச்சில்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், பேரன் என் வேட்டியைப் பிடித்து இழுத்து "பாட்டி இன்னா சொல்றாங்க"ன்னு கேட்டான். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது, அந்த ஊரில் கடைப் பலகையில்கூட ஒழுங்கான தமிழ் இல்லை, பிள்ளைகள் எப்படி உருப்படும் என்பதுதான்.

மகனை மதுரைக்கே திரும்பி வரச் சொல்லலாமா? அது முடியாது என்றால் பேரனையாவது இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்து நான் வைத்துக்கொள்ளலாமா? நான் கேட்டதில் என்ன தப்பு?

- பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அது சென்னையைப் பற்றிய கடிதமாகத்தான் தெரிந்தது. அடுத்த தடவை "அது கிடக்கட்டும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதைக் கிடக்க விட வேண்டாம் ஐயா. கோட்டை, கடைப் பலகை எல்லாம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

உங்கள் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. கடைக் கணக்கு, பால்காரன் பாக்கி, கோபம், சமாதானம், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மெதுவாகப் பேசிய பேச்சு எல்லாம் அந்த மொழியில்தான் நடந்திருக்கும். உங்கள் மனைவி போன அன்றைக்கு அதுவும் வீட்டை விட்டுப் போய்விட்டது. மனைவி போனதற்குத் துக்கம் கேட்க ஊரே வந்திருக்கும். பேச்சுத்துணை போனதற்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள், அது ஒரு இழப்பு என்றே யாருக்கும் தோன்றியிருக்காது. உங்களுக்கே தோன்றவில்லை பாருங்கள், நீங்களும் அதை ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், வலிக்கும். நீங்கள் போட்ட சட்டம் ஜெயித்துவிட்டது. மகனைத் தமிழில் வளர்த்தீர்கள், அவன் தன் பிள்ளையையும் அப்படியே வளர்க்கிறான். அதனால்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற குழந்தைக்குச் சொந்தப் பாட்டி பேசியது புரியவில்லை. இது இரண்டு வருஷமாக உங்களை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது. அதை உங்கள் பேரில் எழுத மனசு வராமல் ஒரு ஊரின் பேரில் எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நான் பழி சொல்லவில்லை. தன் பேச்சைக் கேட்டு நாலு பேர் சிரிக்க, தலை குனிந்து நின்ற பையன், அப்பாவான பிறகு தன் பிள்ளைக்கு அது வேண்டாம் என்றுதான் நினைப்பான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ.

ஆனால் வைகைக் கரையில் நடந்ததை மட்டும் என்னால் விட முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, தூக்கக் கலக்கம், இடிபடும் கூட்டம். அதற்கு நடுவில் அவன் கேட்டது அந்தத் திருவிழாவிலேயே நல்ல கேள்வி, சாமி எதற்கு ஆற்றில் இறங்குகிறது என்று. உங்களிடம் எவ்வளவு பதில் இருந்தது! தங்கை கல்யாணத்துக்கு அழகர் பிந்தி வந்த கதை, தவளையாகக் கிடந்த மண்டூக மகரிஷிக்குச் சாப விமோசனம் கொடுக்க வண்டியூர்ப் பக்கம் போகிற கதை. அவன் கதை கேட்டான், நீங்கள் உச்சரிப்பைத் திருத்தினீர்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் உங்களைப் பார்த்துச் சிரித்தார்களே, அந்தப் பையன்களின் அளவுகோல் இப்போது உங்கள் கையில் இருக்கிறது ஐயா. அதைக் கீழே வையுங்கள்.

அந்த அளவுகோலை ஊர்களுக்கு வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம், நீங்கள் கேட்டிருக்கிறீர்களே. சென்னைக்கு அப்புறம் போகலாம், முதலில் உங்கள் தெருவுக்கே வைப்போம். பக்கத்தில் நிற்கிற மகாலைக் கட்டியவர் தெலுங்கு வழி வந்த திருமலை நாயக்கர். அதைச் சுற்றிக் குடியேறிப் பட்டு நெய்தவர்கள் வடக்கேயிருந்து வேறொரு மொழியோடு வந்த உங்கள் முன்னோர்கள். அவர்கள் கைமுடிச்சில் பிறந்த சுங்குடிதான் இன்றைக்கு மதுரைச் சேலை. தெரு முனையில் விற்கிற ஜிகர்தண்டா பெயரிலேயே தமிழ் கிடையாது. மதுரை தமிழ் ஊரா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சென்னையை நீங்கள் அளந்த மாதிரி மதுரையை யாராவது அளக்க வந்தால் முதலில் அடிபடுவது உங்கள் தெருதான். அந்தப் பயம் பள்ளிக்கூட நாளிலிருந்தே உங்களிடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள், நாங்கள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் என்று. அதற்கு எதற்கு ஐயா அடைப்புக்குறி?

இப்போது சென்னை. கோட்டை வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பே மயிலாப்பூரும் திருவொற்றியூரும் திருவான்மியூரும் தேவாரத்தில் இருக்கின்றன, திருவல்லிக்கேணி ஆழ்வார் பாசுரத்தில் இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் அவற்றோடு வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான். அரண்மனைக்காரன் தெருவைக் குறையாகச் சொன்னீர்கள். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். எங்கிருந்தோ வந்த ஆர்மேனியக்காரனைத் தமிழ் வாய் தனக்குத் தெரிந்த ஒரு சொல்லாக மாற்றி உள்ளே உட்கார வைத்துக்கொண்டது. தமிழ் அங்கே உயிரோடு இல்லாவிட்டால் ஆர்மேனியன் ஆர்மேனியனாகவேதான் இருந்திருப்பான்.

இன்னொரு சாட்சியும் உண்டு, அவர் உங்கள் ஆள். டி.எம்.சௌந்தரராஜன் 1922-ல் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக் காலை வணக்கத்தில் நாமெல்லாம் கேட்டு வளர்ந்த தமிழ்த்தாய் வாழ்த்துப் பதிவில் இருப்பது அவர் குரல். கூடப் பாடியவர் தெலுங்கு மண்ணில், விஜயநகரத்தில் பிறந்த பி.சுசீலா. மெட்டுப் போட்டவர் பாலக்காட்டில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன். மூன்று வீட்டு மொழிக்காரர்களும் வந்து சேர்ந்து தமிழில் பாட்டு வேலை செய்த ஊர் மதராஸ். உங்களைப் பார்த்துச் சிரித்த பையன்களும் பின்னாளில் அந்தப் பாட்டுக்கு எழுந்துதான் நின்றிருப்பார்கள்.

சம்பந்தியம்மா விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அவர் தினமும் பேரனோடு தன் மொழியில் பேசுகிறார், அதனால் அவனுக்கு அது வருகிறது. உங்கள் மனைவி உங்கள் மகனுக்கு ஒளிந்து ஒளிந்து செய்ததை அவர் பயமில்லாமல் செய்கிறார். அந்தப் பாட்டியின் பேச்சு பேரனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, நம் வீட்டுப் பாட்டியின் பேச்சு சேரவில்லையே என்ற ஏக்கம்தான் அன்றைக்குக் கோபமாக வெளியே வந்திருக்கிறது. ஏக்கம் நியாயம், ஆனால் விருந்துக்கு வந்தவர்களை நடு வீட்டில் வைத்துப் பேசியது தப்பு. முதல் போன் அவருக்குப் போக வேண்டும். காரணம், விளக்கம் எதுவும் வேண்டாம், "நான் அன்னிக்குப் பேசினது தப்பும்மா" என்று சொன்னால் போதும்.

மகனைத் திரும்பி வரச் சொல்லாதீர்கள். பதினைந்து வருஷ வாழ்க்கை அவனுக்கு அங்கே இருக்கிறது. பேரனை அப்பா அம்மாவிடமிருந்து பிரித்து இங்கே சேர்ப்பதை யோசிக்கவே கூடாது. அந்தக் குழந்தையை உங்கள் தனிமைக்குத் துணையாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள், ஆறு வயதுக்கு அது பெரிய சுமை. சாப்பாடு, தூக்கம் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. இரண்டும் கெட்டுப்போயிருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு அப்புறம் மகனுக்குப் போன் பண்ணுங்கள், அவன் பண்ணட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவனிடம் சௌராஷ்டிரத்தில் பேசுங்கள். அவன் அம்மா அதை அவன் காதில் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார், அவனுக்குக் கட்டாயம் புரியும். அப்பா வாயிலிருந்து அந்தப் பேச்சு தன்னைப் பார்த்து வருவதை அவன் இதுவரை கேட்டிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பதில் வராமல் இருக்கலாம், அவசரப்பட்டுத் தமிழுக்குத் தாவிவிடாதீர்கள்.

பேரனுக்கு அழகர் கதை பாக்கி இருக்கிறது. "இன்னாத்துக்கு" என்று எத்தனை தடவை கேட்டாலும் திருத்தாமல் சொல்லுங்கள். வேட்டியைப் பிடித்து இழுத்து, பாட்டி என்ன சொல்கிறார் என்று கேட்டானே, அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள். முதலில் அவர் சொன்ன அதே வார்த்தைகளில், அப்புறம் தமிழில்.