தூக்குநூல்

அன்புள்ள அண்ணா,

ஸ்தோத்திரம். எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்திலிருந்து 22 பேர் விடுமுறையில் 10 நாள் வீடு கட்டும் ஊழியத்துக்குப் போகிறோம். இரண்டு ஏழைக் குடும்பங்களுக்கு வீடு. போன வருடமும் போனேன். தேவனுக்காக ஏதோ செய்தோம் என்ற நிறைவோடு திரும்பி வந்தேன். இந்த முறை கிளம்பும் முன்பே என் சித்தப்பா ஒரு கேள்வி கேட்டுவிட்டார். "22 பேருக்கு ஆகிற பயணச் செலவை அப்படியே அனுப்பினால், நல்ல கொத்தனார்களை வைத்து இன்னொரு வீட்டையே கட்டிவிடலாமே. நீங்கள் போவது அவர்களுக்காகவா, உங்களுக்காகவா?" என்னிடம் பதில் இல்லை. இது ஊழியம்தானா அண்ணா? போகலாமா?

– ஒரு வாலிபன்

அன்புள்ள தம்பி,

சித்தப்பா போட்டது சரியான கணக்குதான். வசனம் சொல்லி அதிலிருந்து நழுவப் பார்க்க வேண்டாம். செங்கல்லைத் தொட்டே பழக்கமில்லாத 22 பேர் 10 நாளில் முடிக்கிற வேலையைக் கை தேர்ந்த இரண்டு கொத்தனார்களும் நாலைந்து சித்தாட்களும் இன்னும் சீக்கிரமாக, இன்னும் நேராக முடித்துவிடுவார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது 19 வயது. உங்களைப் போலவே ஒரு வாலிபர் குழுவோடு போயிருந்தேன். மூன்றாம் நாள் எங்களை நம்பி ஒரு பக்கச் சுவரைக் கொடுத்தார்கள். பாட்டும் துதியுமாக மத்தியானத்துக்குள் ஆறு வரி ஏற்றிவிட்டோம். ஒவ்வொரு கல்லை வைக்கும்போதும் அந்தக் குடும்பத்துக்காக ஜெபித்தோம். மனதார ஜெபித்தோம். சாப்பிட்டுவிட்டு வந்த கொத்தனார் ஒன்றும் பேசாமல் தூக்குக்குண்டை எடுத்தார். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குநூல்தான் அது, நூலின் ஒரு முனையில் கட்டை, மறுமுனையில் குண்டு. கட்டையைச் சுவரின் மேல் விளிம்பில் ஒட்டி வைத்து நூலை இறக்கினார். குண்டு ஆடி ஆடி நின்றது. மேலே கட்டை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க, கீழே குண்டுக்கும் சுவருக்கும் நடுவே என் விரல் தாராளமாக நுழையும் இடைவெளி.

கலவை இன்னும் இறுகவில்லை. ஒவ்வொரு கல்லாகப் பிரித்தெடுத்து, கரண்டியால் சுரண்டி, மறுபடியும் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். ஆறு வரியும் போயிற்று. "ஜெபம் பண்ணினது நல்லதுதான் தம்பி. ஆனா இதுக்குள்ள குழந்தைங்க படுக்கணும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. விடுமுறையை விட்டு, வீட்டை விட்டு வந்து உழைக்கிறோம், கொஞ்சம் தட்டிக் கொடுத்திருக்கலாமே என்று ராத்திரி முழுக்கப் புழுங்கினேன். ரொம்ப நாள் கழித்து ஆமோஸ் ஏழாம் அதிகாரத்தை வாசிக்கும்போதுதான் அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. அங்கே ஆண்டவர் ஒரு மதிலின்மேல் நிற்கிறார். அவர் கையில் தூக்குநூல் இருக்கிறது. இஸ்ரவேலை அளந்து பார்க்கிற தரிசனம் அது. எத்தனையோ தடவை வாசித்த பகுதிதான். அன்றுதான் எனக்கு நூலும் குண்டும் கண்முன் தெரிந்தன.

உபாகமம் 22:8ஐயும் எடுத்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், யாராவது மேலிருந்து விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று கட்டளை. கட்டுகிறவனின் மனநிலை எப்படி இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. கைப்பிடிச்சுவர் இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. உங்கள் ஊழியத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது உங்களுக்குள் இருக்கிற நிறைவை வைத்து அளக்காதீர்கள். அந்த வீட்டுக்குள் இருக்கப்போகிறவர்கள் பத்து மழைக்காலம் கழித்தும் பயமில்லாமல் தூங்குவார்களா என்று பாருங்கள்.

அப்படியானால் தெரியாதவன் கை வைக்கவே கூடாதா? அதுவும் இல்லை. நெகேமியா மூன்றாம் அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல் என்று பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த அதிகாரம் அது. எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டியவர்களில் தட்டான் இருக்கிறான், தைலக்காரன் இருக்கிறான், சல்லூம் என்பவன் தன் மகள்களோடு நிற்கிறான். தெக்கோவா ஊரின் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று அதையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறது. வேலை 52 நாளில் முடிந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல பேர் கட்டியது தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பங்கை. அந்தச் சுவர் சரிந்தால் முதல் சேதம் அவர்களுக்குத்தான். வெளியூரிலிருந்து போகிற உங்களுக்கு அந்தப் பயம் கிடையாது. அது உள்ளவர்கள் அந்தக் குடும்பத்தார்தான். அதனால் வேலையில் அவர்கள் முன்னே நிற்கட்டும், நீங்கள் அவர்களுக்குக் கையாளாக இருங்கள்.

இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள் என்று நான் நினைப்பது ஏழைகளுக்கு வீடு கட்ட உதவும் 'ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி' அமைப்பைத் தொடங்கியவர்களை. மில்லர்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் 1976இல் ஆரம்பித்தார்கள். யோசனை அதற்கும் முன்பே பிறந்தது, 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டான் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் தொடங்கிய கொய்னோனியா பண்ணையில். அவர்கள் வகுத்த முறையில் வீட்டை இனாமாகக் கொடுப்பதில்லை. அந்தக் குடும்பமும் மற்றவர்களோடு சேர்ந்து உழைக்க வேண்டும், லாபமும் வட்டியும் சேர்க்காத விலையைத் தவணையாகக் கட்ட வேண்டும். ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்ற யாத்திராகமக் கட்டளைதான் இதற்கு அடிப்படை. தவணைப் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். வீட்டுக்காரர் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஜிம்மி கார்ட்டர் 1984இல் மனைவி ரோசலினோடு நியூயார்க்கில் அவர்களுடைய வேலைக்குப் போனார். அதன்பின் 90 வயது தாண்டியும் போய்க்கொண்டிருந்தார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கல் சுமக்கலாம், மணல் சலிக்கலாம், கலவை எடுத்துக் கொடுக்கலாம். சித்தாள் வேலை என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். தினக்கூலியை நம்பியிருக்கிற யாருடைய வேலையையும் உங்கள் இலவச உழைப்பு பறித்துவிடக் கூடாது. இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயணத்துக்கு எவ்வளவு திரட்டுகிறீர்களோ, அதே அளவு பணத்தைக் கட்டுமானத்துக்கும் திரட்டிக் கொடுங்கள். சித்தப்பாவையே பொருளாளராகப் போடுங்கள், சந்தோஷமாகச் செய்வார் என்றுதான் தோன்றுகிறது. அப்புறம் புகைப்படம்: வீட்டுக்காரரைக் கேட்காமல் எடுக்காதீர்கள், குழந்தைகளை எடுக்கவே வேண்டாம்.

நான் மிகவும் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றி. சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. சுவரைக் குறைந்தது ஒரு வாரமாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். கான்கிரீட்டின் பலத்தை 28ஆம் நாளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நீங்கள் பத்தாம் நாள் பஸ் ஏறிவிடுவீர்கள். ஒன்பதாம் நாள் தளம் போட்டால் அதற்கு யார் காலையும் மாலையும் தண்ணீர் விடுவது? தளம் இறுகும் வரை தாங்குகிற சென்ட்ரிங் பலகையை அவசரப்பட்டுப் பிரிக்காமல் யார் பார்த்துக்கொள்வது? எங்கள் முகாமில் இதை ஒருவரும் கேட்கவில்லை. கடைசி நாள் சாட்சிக் கூட்டத்தில் எல்லோரும் அழுதோம், கட்டிப்பிடித்தோம், கிளம்பிவிட்டோம். பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த வீட்டு அம்மா ஒரு குடத்தோடு சாரத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தார்.

போய் வாருங்கள் தம்பி. குழுவில் இரண்டு பேராவது மாதக் கடைசி வரை தங்க முடியுமா என்று போதகரிடம் இப்போதே கேளுங்கள். அங்கே போன முதல் நாளே கொத்தனாரிடம் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். முடிந்தால் 28ஆம் நாள் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்