அமெரிக்க வாடகை வீட்டின் பழைய தேய்மானக் கணக்கு தொலைந்துவிட்டால் எப்படி மீட்பது?

வாடகைக்கு விட்ட கட்டடத்தின் விலையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்து, வருடந்தோறும் வாடகை வருமானத்திலிருந்து செலவாகக் கழிப்பதுதான் தேய்மானம். கட்டடம் பழசாகும் என்பதால் இந்தக் கழிவு. நிலம் தேயாது, அதனால் அதற்குக் கிடையாது.

காகிதம் போனதே என்று பதறவேண்டாம். 1986-க்குப் பிறகு வாடகைக்கு வந்த குடியிருப்புக்குப் பொதுவாக 27.5 ஆண்டு, சம அளவுக் கழிவு. கட்டடத்தின் பங்கு 2,75,000 டாலர் என்றால் முழு ஆண்டுக்கு 10,000 டாலர். சீராக எரியும் மெழுகுவர்த்தி மாதிரி: முதல் நீளமும் ஏற்றிய நாளும் தெரிந்தால் எவ்வளவு கரைந்தது என்று சொல்லிவிடலாம்.

இங்கே நீளம் என்பது கட்டடத்தின் விலை, ஏற்றிய நாள் என்பது வாடகைக்கு விட்ட நாள். அந்த இரண்டையும்தான் தேடவேண்டும். வாங்கிய விலைக்கு, வீடு வாங்கியபோது கையெழுத்திட்ட இறுதிக் கணக்குத் தாள். சொத்துரிமையைச் சரிபார்த்துப் பத்திரப் பதிவை முடித்த டைட்டில் நிறுவனத்திடம் நகல் இருக்கலாம். நிலம், கட்டடம் எவ்வளவு என்று பிரிக்க, கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் அந்த ஆண்டுப் பதிவு உதவும். அப்புறம், பழைய வரிப் படிவங்கள். முதலில் உங்கள் கணக்காளரைக் கேளுங்கள். அவரிடம் இல்லையென்றால் 4506 படிவம் அனுப்பி அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் முழு நகல் வாங்கலாம். பெரும்பாலும் ஏழு ஆண்டு வரைதான் கிடைக்கும். கூரை மாற்றியது போன்ற பெரிய வேலைகளுக்குத் தனிக் கணக்கு. அவற்றுக்கு வங்கி அறிக்கை, நகராட்சி அனுமதிப் பதிவு இரண்டையும் பாருங்கள்.

“நான் தேய்மானம் கழிக்கவே இல்லை, விற்கும்போது அதைச் சேர்க்கவேண்டாம்” என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: விற்ற லாபத்தைக் கணக்கிடும்போது, கழித்திருக்க வேண்டிய தொகையும் வாங்கிய விலையிலிருந்து குறைக்கப்படும், விட்டதைப் பெற பெரும்பாலும் கணக்கு முறையை மாற்ற விண்ணப்பிக்கும் 3115 படிவம்தான் வழி.